யாழ்ப்பாணத்தில் ஏன் பேலம் மாதிரி ஒரு குகை இல்லை?

2024 பெப்ரவரி 3, வாசகர் ஒருவரின் கேள்வி

ஆந்திராவில் பேலம் குகை பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நிலத்துக்கு அடியில் ஒன்றரைக் கிலோமீற்றர் நடக்க விடுகிறார்கள். எல்லாம் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அங்கே ரிக்கெற் எடுத்துப் பார்க்கக் குகை, இங்கே வெறும் கிணறு. நம்முடைய கல் தரம் குறைந்ததா, இல்லை ஒருவரும் தேடிப் பார்க்கவில்லையா?

2024 பெப்ரவரி 3, இரவு

கல்லில் குறை இல்லை. குகையும் இருக்கிறது, தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். பேலத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது, அதனால் செருப்போடு நடக்கிறீர்கள். நாளை விரிவாக எழுதுகிறேன். இப்போது ஒரு மோட்டரைக் கழற்றிப் போட்டபடி இருக்கிறேன்.

2024 பெப்ரவரி 4

நானும் பேலத்துக்குப் போனவன்தான். போன வருடம் ஜூனில் பெரியம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னைக்குப் போனோம். பலாலியில் விமானம் ஏறி ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறங்கியாயிற்று. சிகிச்சை முடிந்து வைத்தியர் ஓய்வு சொன்ன நாட்களில் சென்னை மச்சான் சும்மா இருக்கவில்லை. "வாங்கோ, ஒரு இடம் காட்டுறன்" என்று காரில் ஏற்றிவிட்டார். தாடிபத்திரி தாண்டி, சீமெந்துத் தொழிற்சாலைகளும் கறுப்புக் கல்லைப் பலகை பலகையாக அறுத்து அடுக்கிய பட்டறைகளும் கடந்து போனால் பேலம் ஊர். வாசலில் பெரிய புத்தர் சிலை. பழைய காலத்தில் பௌத்த, சமணத் துறவிகள் இங்கே தங்கியிருக்கிறார்கள். பெரியம்மா கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரிலேயே இருந்துவிட்டார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது குகை இல்லை, அதன் வாய். குகை என்றால் மலை வேண்டும் என்று நினைத்திருந்தேன். அங்கே மலையே கிடையாது. உரும்பிராய்த் தோட்டத்து நடுவில் நின்றால் எப்படி இருக்கும், அப்படித் தட்டை நிலம். அதில் கிணறு போலப் பள்ளங்கள் மூன்று. நடுப் பள்ளத்தில் படி கட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, எனக்கு இது ஏதோ பழக்கப்பட்ட இடம் மாதிரி இருந்தது. கிணற்றில் இறங்குவது என் தொழில். பதினெட்டு வயதிலிருந்து மோட்டர் இறக்கிக் கொண்டிருக்கிறேன்.

உள்ளே புழுக்கம் தாங்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே ஊதுகிறார்கள், அந்த வாய் இருக்கும் இடத்தில் சனம் நகராமல் நிற்கும். மஞ்சள் வெளிச்சம். கோடிலிங்கலு என்று ஒரு இடம், சிவலிங்கம் போலக் கல் உருவங்கள் கூட்டம் கூட்டமாக. இன்னொரு இடத்தில் கூரை முழுக்க ஆலமரத்து விழுது. ஏழு சுர அறை என்று ஒன்று, தொங்கும் கல்விழுதுகளை விரல் முட்டியால் தட்டினால் வெண்கல ஓசை வரும். வழிகாட்டி தட்டினார், மச்சான் தட்டினார், நானும் தட்டினேன்.

கடைசியில் பாதாளகங்கை. 46 மீற்றர் ஆழம், நம் கணக்கில் 150 அடி. ஒரு சிறு நீரோடை வந்து கல்லுக்குள் மறைகிறது. இந்தத் தண்ணீர் இரண்டு கிலோமீற்றர் தள்ளிப் பேலம் ஊர்க் கிணற்றில் போய்ச் சேருகிறது என்பது ஊராரின் நம்பிக்கை. வழிகாட்டி அதைச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். கேலி என்று நினைத்து அவர் முகம் சுருங்கியது. மச்சானிடம் தெலுங்கில் சொல்லச் சொன்னேன்: எங்கள் ஊரிலும் ஒரு கிணறு இருக்கிறது, அதில் எலுமிச்சம்பழம் போட்டால் கடலோரத்துக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று எங்கள் சனமும் சொல்லும். மனிதர் முகம் மலர்ந்து, "மிதந்ததா?" என்று கேட்டார்.

2024 பெப்ரவரி 4, பின்னேரம்

திருத்தம். மேலே கேள்வி கேட்டவருக்குத் தனியாக எழுதியபோது பேலத்தைக் கர்நூல் மாவட்டம் என்றேன். 2022 முதல் நந்தியால் மாவட்டம். "இந்தியாவிலேயே நீளமான குகை" என்றதும் பிழை. பேலம் 3,229 மீற்றர். மேகாலயாவில் அதைத் தூக்கிச் சாப்பிடும் குகைகள் உண்டு.

2024 பெப்ரவரி 6

"தண்ணீர் வடிந்துவிட்டது என்று இலகுவாகச் சொல்லிவிட்டீர்கள், எங்கே வடிந்தது, நமக்கு ஏன் வடியவில்லை" என்று கேட்டிருக்கிறார்கள். சரி.

முதலில் கேத்தில். யாழ்ப்பாணத்து வீட்டில் கேத்தில் அடியில் வெள்ளையாகக் கல் படியாத வீடு உண்டா? அந்த வெள்ளைதான் முழுக் கதையும். மழை காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணிலிருந்தும், கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்லிய புளிப்பாகக் கீழே இறங்குகிறது. அந்தப் புளிப்பு சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். கல்லில் உள்ள வெடிப்பு பொந்தாகும், பொந்து குகையாகும். கரைந்த கல் தண்ணீரோடு போகிறது. அந்தத் தண்ணீர் ஒரு வெற்றிடத்துக் கூரையில் சொட்டி, வாயுவை விட்டதும், கரைந்த கல் திரும்பப் படிகிறது. மேலே தொங்கினால் கல்விழுது, கீழே எழும்பினால் கல்முளை. நாம் கேத்திலைச் சூடாக்கி வாயுவை விரட்டுகிறோம், குகை அதை ஆறுதலாகச் செய்கிறது. ஒரு விரல் நீளம் வளர ஆயிரம் வருடம் என்பது சாதாரணம்.

ஆக, கல்விழுது வளரக் காற்று நிறைந்த வெற்றிடம் வேண்டும். குகை தண்ணீருக்குள் உருவாகிறது, அலங்காரம் தண்ணீர் போன பிறகு வருகிறது. பேலம் கடலிலிருந்து தூரம், உயர்ந்த நிலம். அங்கே நிலத்தடி நீர் கீழே இறங்கிவிட்டது, குகை வறண்டு நின்றுவிட்டது.

நமக்கும் அந்தக் காலம் இருந்தது. சுமார் 20,000 வருடங்களுக்கு முன், உலகத்துத் தண்ணீரில் பெரும் பங்கு பனியாக உறைந்து கிடந்தபோது, கடல் இப்போதைவிடக் கிட்டத்தட்ட 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை தரை. சென்னைக்குப் பலாலியில் ஏற வேண்டியதில்லை, நடக்கலாம். நமது கல்லுக்குள் இருந்த தண்ணீரும் அந்த அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும். பிறகு பனி உருகிக் கடல் ஏறியது, நம் குகைகளில் திரும்பவும் தண்ணீர் ஏறியது. எலுமிச்சம்பழக் கதையில் வந்த கிணறு, நிலாவரை, அப்படிப்பட்ட ஒரு குகையின் கூரை விழுந்து திறந்த வாய். இராமர் வானரப் படையின் தாகத்துக்கு அம்பு ஊன்றிய இடம் என்ற கதையைப் பெரியம்மா சொல்லுவார். கூரை உடைந்து தண்ணீர் தெரிந்தது என்ற அளவில் எனக்கும் பெரியம்மாவுக்கும் சண்டை இல்லை.

"தரம் குறைந்த கல்லா" என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பேலத்துக் கல் மிகப் பழசு, சிப்பி, சங்கு என்ற உயிர்களே தோன்றாத காலத்தது. நம்முடையது மயோசின் காலத்துக் கல், அதாவது இரண்டு கோடி வருடத்துக்கு உள்ளே வெளியே. கிணறு வெட்டிய கல்லை உடைத்துப் பாருங்கள், சிப்பி அச்சு இருக்கும். சின்ன வயதில் அதைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். 1990இல் ஊரை விட்டு ஓடியபோது பெட்டி அங்கேயே போயிற்று.

2024 பெப்ரவரி 7

இல்லை, பெரிய மோட்டர் வைத்து இறைத்து வற்ற வைத்துவிட்டு ரிக்கெற் போட முடியாது. கேட்டவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டிருப்பார். நன்னீரை இறைத்தால் கீழிருந்து கடல் வரும். அதையும் இறைப்பதென்றால் இந்து சமுத்திரத்தை இறைக்க வேண்டும். எனக்கு வேலை நிறைய வரும், மறுக்க மாட்டேன்.

2024 பெப்ரவரி 9

அளவெட்டியிலிருந்து எழுதியவர் "கீழே கடல் என்றால் நாங்கள் குடிக்கிற தண்ணீர் ஏன் உப்பில்லை" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஆனால் இதற்குப் பதில் எழுதினால் நான் செய்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டிவரும்.

குடாநாட்டில் ஓடுகிற ஆறு கிடையாது. மாரிக்கு மட்டும் உயிர் வருகிற வழுக்கையாறு ஒன்று, அதுவும் அராலியில் போய்க் கடல்நீரேரியில் விழுகிறது. மற்றதெல்லாம் மழை, செம்மண், கல். இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது, பால் மேல் ஆடை மாதிரி. உவர்நீர் கொஞ்சம் பாரம் கூடியது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து நாற்பது அடிக்கு உப்பு எழும்ப இடம் கொடுக்கிறோம்.

துலாவால் இறைத்த காலத்தில் ஒரு ஆள் துலா மிதிக்க, ஒரு ஆள் பட்டை பிடிக்க, மூன்றாவது ஆள் பாத்தி மாற்ற, விடிந்து பத்து மணிக்குள் ஆட்களுக்கும் களைப்பு, கிணற்றுக்கும் ஓய்வு. மோட்டருக்குக் களைப்பு வராது. நான் விற்ற பொருளையே குறை சொல்கிறேன், தெரியும்.

செய்த வேலை இது. பல வருடங்களுக்கு முன், புத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டக் கிணறு. கோடை, வெங்காயம் முற்றுகிற நேரம், மோட்டர் காற்று இழுக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மோட்டரில் பிழை இல்லை, தண்ணீர் இறங்கிவிட்டது. அடியில் கல்லுக்குள் ஒரு பொந்து தெரிந்தது, கை விட்டால் குளிர்ந்த தண்ணீர். நான் குழாயை ஒட்டி நீட்டி, அதன் நுனியில் இருக்கும் புட்வால்வை அந்தப் பொந்துக்குள்ளேயே இறக்கிவிட்டேன். அருமையான தண்ணீர், குழாய் நிறைய. தோட்டக்காரர் மத்தியானச் சாப்பாடும் தந்து இருநூறு ரூபா கூடவும் தந்தார். அடுத்த வருடம் அந்தக் கிணறு சவர். வெங்காயத்தின் தாள் நுனி கருகிக் கிடந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை, மழை சரியில்லை என்றார். மழை சரியாகத்தான் பெய்திருந்தது.

2024 பெப்ரவரி 10

நேற்று எழுதிய நாற்பது அடிக் கணக்கைப் பற்றி ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார். அது மணல் மாதிரி ஒரே சீரான நிலத்துக்குப் பொருந்துகிற கணக்கு. பொந்தும் குகையுமான கல்லில் உவர்நீர் வரிசையில் நிற்காது, வழி கிடைத்த பக்கத்தால் ஓடிவரும். நான் பொந்துக்குள் குழாய் விட்டதன் அர்த்தம் இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. அந்தப் பாலாடையில் துளை போட்டு உறிஞ்சியிருக்கிறேன்.

இன்னொன்றும் படித்தேன். நன்னீரும் உவர்நீரும் தனித்தனியே கல்லைக் கரைத்துக் களைத்து, இனிக் கரைக்க முடியாது என்று நின்றாலும், இரண்டும் கலக்கிற இடத்தில் திரும்பக் கரைக்கத் தொடங்குமாம். களைத்த இரண்டு பேர் சேர்ந்ததும் புதுப் பலம். கடலோரச் சுண்ணாம்பு நிலங்களில் குகை வெட்டுவதில் இந்தக் கலப்புக்குப் பெரிய பங்கு.

2024 பெப்ரவரி 13

நம் ஊரில் பள்ளம் கண்ட இடத்தில் குப்பை கொட்டுகிறார்கள் என்று எழுதியவருக்கு. ஓம், பேலத்திலும் அப்படித்தான். 1884இல் புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் (பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த அதே ஆள்) அந்தக் குகையைப் பற்றி எழுதினார். பிறகு நூறு வருடம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1982, 83இல் டானியல் கெபவர் தலைமையில் ஒரு ஜெர்மன் குழு வந்து அளந்து வரைபடம் போட்டது. அப்போதும் சுற்றுவட்டாரக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுகிற பள்ளமாகத்தான் அது இருந்தது, 1988 வரைக்கும். ஊரார் முன்னுக்கு நின்று அதை நிறுத்தியிருக்கிறார்கள். 2002இல் பார்வையாளருக்குத் திறந்தார்கள்.

பள்ளத்தைக் கண்டால் கொட்டத் தோன்றுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான். வேறுபாடு, பேலத்தில் கொட்டியதை அள்ளிவிட்டார்கள். குடாநாட்டில் கொட்டினால் அது நகர்ந்துவிடும். மணலுக்குள் இறங்கும் தண்ணீர் வடிகட்டப்படுகிறது, பொந்துக் கல்லில் இறங்கும் தண்ணீர் வாய்க்காலில் போவது போலப் போகிறது. சுன்னாகத்தில் 2014, 15இல் கிணற்று வாளியில் எண்ணெய் மிதந்ததை நாங்கள் எல்லோரும் மணந்து பார்த்தோம். அந்த மாதங்களில் நான் திருத்திய மோட்டர்களின் றப்பர் வளையங்கள் ஊதிப்போயிருந்தன. அதைவிடச் சத்தம் இல்லாமல் நடப்பது நைத்திரேற்று. தோட்டத்து உரம் பாதி, வீட்டு வளவுக்குள் கிணற்றுக்குக் கிட்டவே இருக்கும் மலசலகூடக் குழி பாதி. மணமும் இல்லை, நிறமும் இல்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கைக்குழந்தை உள்ள வீடுகள் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் தடிக்கும்.

2024 பெப்ரவரி 13

ஒரு கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று இந்த ஊரில் நடந்த கதையையும் எழுதச் சொல்கிறார்கள். கீழே ஒரே தண்ணீர்தான் என்று தெரிந்தும் மேலே நடந்த கதை அது. எழுத வேண்டியது, இங்கே இரண்டு வரியில் முடிகிற காரியம் இல்லை.

2024 பெப்ரவரி 18

கொழும்பிலிருந்து ஒருவர்: "இலங்கையில் பார்க்கக்கூடிய சுண்ணாம்புக் குகை வேண்டுமென்றால் இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனே இருக்கிறதே, எதற்கு ஆந்திரா?" உண்மை. உள்ளே ஓடை ஓடுகிற குகை, கூரை முழுக்க வௌவால். சிங்களத்தில் வவுல் என்றால் வௌவால்தான், எங்கள் சொல்லுக்குப் பக்கத்து வீடு. ஆனால் அது நம் மாதிரிச் சிப்பிக் கல் இல்லை, பூமிக்குள் வெந்து பளிங்காக மாறிய சுண்ணாம்புக்கல்.

இந்த இடைவெளியில் பேலத்தைப் பற்றிய என் புகழ்ச்சியையும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். பார்வையாளருக்குத் திறந்த குகை நலமாக இருப்பதில்லை. வெளிச்சம் போட்ட இடத்தில் பச்சைப் பாசி பிடிக்கும். சனத்தின் மூச்சுக் காற்றில் இருக்கும் கரியமில வாயு அங்கே தேங்கும். பிரான்சில் லாஸ்கோ குகையின் ஓவியங்கள் பதினேழாயிரம் வருடம் இருட்டில் பத்திரமாக இருந்தன. 1948இல் சனத்துக்குத் திறந்தார்கள், 1963இல் மூட வேண்டிவந்தது. பதினைந்து வருடத்து மூச்சுக் காற்று. சுலோவீனியாவின் போஸ்தோய்னாவில் 1819இலிருந்து ஆட்களை விடுகிறார்கள், 1872இல் உள்ளே தண்டவாளமே போட்டுவிட்டார்கள். வியட்நாமின் சன் டூங், உலகத்திலேயே பெரிய குகை வழி என்று சொல்வது, அங்கே வருடத்துக்கு ஆயிரம் பேர் அளவில்தான் விடுகிறார்கள். எனக்குப் பிடித்த முறை அதுதான், எனக்கு இடம் கிடைக்காது என்றாலும்.

ஏழு சுர அறையில் நானும் தட்டினேன் என்று எழுதியிருந்தேன். கையில் இருக்கிற எண்ணெய்ப் பசை பட்டால் கல் படிவது அந்த இடத்தில் நின்றுபோகும். என் கை எப்போதும் கிரீஸ் பிடித்த கை. தட்டியிருக்க வேண்டாம்.

2024 பெப்ரவரி 25

நம் பக்கத்துப் பட்டியலைச் சேர்த்துத் தந்தவர்களுக்கு: நிலாவரை, கீரிமலை, ஊரெழுப் பொக்கணை, குரும்பசிட்டிப் பேய்க்கிணறு, கெருடாவில் மண்டபக்காட்டுக் குகை. கெருடாவிலை விட்டால் மற்றதெல்லாம் தண்ணீர்தான், பாருங்கள். பொக்கணை என்ற சொல்லை என் மருமகள் கேள்விப்பட்டதே இல்லை. கல் உள்வாங்கித் தண்ணீர் நிற்கிற குழிக்கு நாங்கள் சொல்லுகிற சொல் அது. பேய்க்கிணறு என்ற பெயர் வந்ததிலும் எனக்கு வியப்பில்லை. கோடையிலும் வற்றாத, அடி தெரியாத கிணற்றுக்குப் பிள்ளைகளைக் கிட்டப் போகவிடாமல் வைக்க வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மெக்சிக்கோவில் யுகட்டான் என்று ஒரு குடாநாடு, படம் பார்த்தால் ஆனைக்கோட்டைக்குக் கிழக்கே எடுத்தது என்று நம்பலாம். தட்டை, சுண்ணாம்புக்கல், மேலே ஆறு கிடையாது, கூரை விழுந்த நீர்க்குழிகள். அங்கே சுழியோடிகள் நீருக்கடியில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் குகை வழிகளை அளந்துவிட்டார்கள். தண்ணீருக்குள்ளே கல்விழுதுகள் தொங்குகின்றன. காற்றில்லாமல் கல்விழுது வளராது என்று மேலே எழுதினேனே, அவை கடல் தாழ்ந்திருந்த காலத்தில் வளர்ந்தவை. நிலாவரையின் இருட்டுக்குள் அப்படி ஒன்று தொங்குமோ என்று யோசிப்பதற்கு ரிக்கெற் தேவையில்லை.

2024 மார்ச் 3

இதையெல்லாம் நான் வீட்டில் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்ததன் பலன், பெரியம்மா இன்று காலை கையில் எலுமிச்சம்பழத்தோடு வெளிக்கிட்டு நின்றார். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது, ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். பின் சீற்றில் அவரை ஏற்றிக்கொண்டு நிலாவரைக்குப் போனேன். இந்த மாரி நல்ல மழை, தண்ணீர் உயர்ந்து பச்சையாக நின்றது. மேலே வாளியில் அள்ளினால் நன்னீர், ஆழத்தில் உவர். மேலே எழுதியதெல்லாம் அந்த ஒரு குழிக்குள் அடுக்கி நிற்கிறது.

நான் சொன்னேன்: "பெரியம்மா, எலுமிச்சம்பழம் மிதக்கும். குகை வழி ஆழத்தில் இருக்கு. மிதக்கிற சாமான் எப்படிக் கீழால போகும்?"

"நீ போட்டுப் பார்த்தனியா?"

போட்டார். மிதந்தது. காற்றுக்கு ஒரு ஓரமாக ஒதுங்கி அங்கேயே நின்றது. அரை மணித்தியாலம் நின்றோம், பழமும் நின்றது. பிறகு ஒரு பொடியன் தடியால் அதை இழுத்து எடுக்கப் போக, காவலுக்கு நின்றவர் பொடியனையும் எங்களையும் சேர்த்து ஏசினார். ஏசினதில் நியாயம் இருக்கிறது.

2024 மார்ச் 9

நேற்றுச் சிவராத்திரி. நகுலேஸ்வரத்துக்கு வந்த சனம் கீரிமலையில் இறங்கி நின்றது. கடல் பத்து அடி தள்ளி அலை அடிக்க, கேணிக்குள் நல்ல தண்ணீர். எத்தனை முறை பார்த்தாலும் இது எனக்கு விளங்கியும் விளங்காத காட்சிதான். பெரியம்மா பெண்கள் கேணிப் பக்கம் போனார், நான் ஆண்கள் பக்கம் படியில் இருந்தேன்.

யாரோ தலைக்குத் தேய்த்து முழுகக் கொண்டுவந்திருக்க வேண்டும். கேணியில் மூன்று எலுமிச்சம்பழம் மிதந்தது.

வெளியே வந்ததும் பெரியம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து எண்ணினார். விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். "தலையைத் துவட்டு, தடிமன் பிடிக்கும்" என்றார்.